கரையிறங்காத யாத்திரை

கப்பலேறிப் போய்க் கரையிறங்காமல் திரும்புவது என்ன புத்தி என்று நேயர்கள் கேட்கலாம். நானும் கேட்டேன்.

2023 ஜூன் மாதத்தில் 'எம்பிரஸ்' என்னும் உல்லாசக் கப்பல் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய இலங்கைத் துறைமுகங்களுக்குப் போய்வரத் தொடங்கியது. பள்ளிக்கூடம் திறப்பதற்குள், மயிலாப்பூரை விட்டு அதிகம் நகராத என் தாயாருக்குக் கோணேசுவரர் தரிசனம் செய்து வைப்பதென்று குடும்பத்தோடு புறப்பட்டோம். செலவு உபாத்தியாயர் சம்பளத்துக்கு அடங்கியதன்று, அது கிடக்கட்டும்.

திருகோணமலையில் ஜனங்கள் திமுதிமுவென்று இறங்கினார்கள். அம்மா மட்டும் மேல்தளத்து நாற்காலியை விட்டு அசையவில்லை.

"ஞானசம்பந்தர் கடலைத் தாண்டினாரா? ராமேசுவரத்தில் இருந்தபடியே இந்த ஸ்வாமியைப் பாடவில்லையா? நான் அவருக்கு மேலா?" என்றாள்.

மயிலையில் பூம்பாவைக்காகப் பதிகம் பாடியவர் அல்லவா? அம்மாவுக்குச் சம்பந்தர் பக்கத்து வீட்டுப் பிள்ளை மாதிரி. ஆனால் உண்மைக் காரணம் முழங்கால். கோயிலோ குன்றின் உச்சியில் இருக்கிறது. தன்னால் மற்றவர்கள் தாமதப்படக் கூடாதாம்.

"தூக்கிக்கொண்டாவது போகிறேன்" என்றேன்.

"போடா!" என்றாள்.

மனைவியையும் குழந்தைகளையும் அனுப்பிவிட்டு நானும் தங்கினேன். வெறிச்சோடிய தளத்தில் ஒரு சிப்பந்தி கைப்பிடிக் கம்பிகளைத் துடைத்துக்கொண்டிருந்தான். அப்பா காலமான வருஷத்தைப் பற்றி, நான் ஒரு நாளும் கேட்டறியாத சில விஷயங்களை அம்மா அன்று சொன்னாள். அவற்றை இங்கே எழுதப் போவதில்லை.

கப்பல் புறப்பட்டு வடக்கே திரும்பியதும், இடப்புறத்தில் கடலிலிருந்து செங்குத்தாய் எழுந்த பாறையும் உச்சியில் கோயிலும் தெரிந்தன. அம்மா கைத்தடியை என்னிடம் கொடுத்துவிட்டு, கம்பியைப் பிடிக்காமல் நின்று கைகூப்பினாள்.

"பாட்டி, நாங்கள் உள்ளேயே போய்ப் பார்த்தோம்!" என்றான் என் சின்னப் பையன்.

"அப்படியா? உட்கார்ந்து விவரமாய்ச் சொல்லு" என்றாள் அம்மா.