சுட்டுப் பார்த்து அறியும் கல்

கால்சைட்டை முழுதாகச் சுட்டால் அதன் எடையில் 44 விழுக்காடு கார்பன் டை ஆக்சைடாக வெளியேறிவிடும். மிஞ்சுவது சுட்ட சுண்ணாம்பு. டோலமைட் ஏறத்தாழ 47.7 விழுக்காடும் மேக்னசைட் 52.2 விழுக்காடும் இழக்கும். கார்பனேட் கனிமங்களை உலையில் வைத்து அடையாளம் காணும் வேலை இந்த எண்களிலிருந்தே தொடங்குகிறது. அரியலூர்ச் சுண்ணாம்புக்கல், சேலத்து வெள்ளைக்கல், ஏரியடிச் சேறு எதுவானாலும் அடிப்படை முறை ஒன்றுதான்.

மாதிரியை மாவாக அரைத்து, 105 பாகை செல்சியசில் ஈரம் போக உலர்த்தி எடை போடுகிறார்கள். 550 பாகையில் சில மணி நேரம் வைத்தால் மக்கிய இலைதழை போன்ற கரிமப் பொருள் எரிந்துபோகும், மறுபடி எடை. 950 பாகையில் கார்பனேட் சிதையும், மூன்றாம் எடை. கடைசி இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை 2.27ஆல் பெருக்கினால் கால்சியம் கார்பனேட்டின் அளவு கிடைக்கும். 1974இல் வால்டர் டீன் எழுதிய கட்டுரைக்குப் பிறகு ஏரி வண்டல் ஆய்வில் இம்முறை நிலைத்துவிட்டது.

கணக்கு எளிது, கைவேலைதான் கடினம். நான் நின்று பார்த்த ஆய்வகத்தில் பீங்கான் மூசைகளின் எண்கள் பெரிக் குளோரைடு கரைசலால் எழுதப்பட்டிருந்தன. சூட்டில் அது செம்பழுப்பாகப் பீங்கானோடு ஒட்டிவிடும். சாதாரண மை எரிந்துவிடும். உலையைத் திறந்ததும் பணியாளர் இடுக்கியின் நுனியைச் சற்றுச் சூடாக்கிக்கொண்டுதான் மூசையைப் பிடிக்கிறார், குளிர்ந்த இரும்பு பட்டால் பீங்கான் விரிசல் விடும் என்பதால். ஓட்டின் மீது சிறிது ஆறியதும் மூசை உலர்கலத்துக்குள் போகிறது. சுட்ட சுண்ணாம்பு காற்றின் ஈரத்தை உடனே இழுக்கும். வெளியே விட்டுவைத்தால் எடை கூடும். சூடாகவே தராசில் வைத்தால் மேலெழும் வெப்பக் காற்று எடையைக் குறைத்துக் காட்டும். விடை சரியா தவறா என்பது பெரும்பாலும் இந்தச் சில நிமிடங்களில்தான் முடிவாகிறது. அறிக்கையில் இந்த உழைப்புக்கு ஒரு வரிகூட இருப்பதில்லை, அது நியாயமில்லை.

மொத்த இழப்பு எவ்வளவு என்று உலை சொல்லும். எந்தக் கனிமம் இழந்தது என்று சொல்லாது. கயோலினைட் களிமண் 450 பாகைக்கு மேல் தன் கட்டமைப்பு நீரை விடும். இரும்புக் கார்பனேட்டான சிடரைட் 500 முதல் 600 பாகைக்குள்ளேயே சிதைவதால் கரிமப் பொருளின் கணக்கில் சேர்ந்துவிடும். சிடரைட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. 38 விழுக்காடு இழக்க வேண்டிய அது, மிஞ்சும் இரும்பு காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்பதால் 31 விழுக்காடு மட்டுமே இழந்ததாகக் காட்டும்.

அதனால்தான் வெப்பம் ஏற ஏற எடையைத் தொடர்ந்து பதிவு செய்யும் வெப்பத் தராசு தேவைப்படுகிறது. ஜப்பானின் கோதரோ ஹோண்டா 1915இல் இதை உருவாக்கினார். நிமிடத்துக்கு 10 பாகை வீதம் சூடேற்றினால் ஒவ்வொரு கனிமமும் தனக்குரிய வெப்பநிலையில் எடை இழப்பது வரைகோட்டில் படியாக விழும். டோலமைட்டின் இரு படிகள் மட்டும் காற்றில் ஒன்றோடொன்று கலந்துவிடும். உலைக்குள் கார்பன் டை ஆக்சைடைச் செலுத்தினால் அவை பிரியும்: மக்னீசியப் பகுதி முதலில் சிதையும், கால்சியப் பகுதி 900 பாகையைத் தாண்டித்தான் சிதையும். இந்தத் துறையின் நுட்பங்களில் இதுவே மிக அழகானது.

சிப்பி ஓட்டின் அரகனைட் மட்டும் தராசுக்குப் பிடிபடாது. 400 பாகையைத் தாண்டியதும் எடை குறையாமலே அது கால்சைட்டாக மாறிவிடும். பிறகு இழப்பதும் அதே 44 விழுக்காடுதான். கடல் வண்டல் என்றால், சுடுவதற்கு முன்பே ஒரு சிட்டிகை மாவை எக்ஸ்-கதிர் சோதனைக்கு ஒதுக்கிவிடுகிறார்கள்.