இரண்டாவது பதிவேடு

சிறிய ஊரில் அருங்காட்சியகம் நடத்துகிறவர்களுக்குப் பொருள் கிடைப்பதுதான் கஷ்டம் என்று பலரும் நினைக்கிறார்கள். பொருள் வந்துகொண்டேதான் இருக்கும். ஓட்டு வீட்டை இடித்து மாடி கட்டுகிற குடும்பம் ஒவ்வொன்றும் என்றாவது ஒருநாள் அருங்காட்சியகம் நடத்தும் எங்கள் மன்றத்தைத் தேடி வரும். "பாட்டி காலத்துத் திருகை சார், தூக்கிப் போட மனசு வரல. மியூசியத்துல வெச்சிக்கோங்க" என்பார்கள். ஆட்டோவிலிருந்து இறக்கியும் விடுவார்கள். வாங்கி வைக்க யாராலும் முடியும். கொடுக்க வந்தவர் முகம் வாடாமல் வேண்டாம் என்று சொல்லத் தெரிந்திருப்பதுதான் இந்த வேலையில் தேர்ச்சி.

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இது ராகி விளையும் சீமை. திருகை இல்லாத பழைய வீடு கிடையாது. எங்களிடம் இருப்பதோ இரண்டு அறை, ஒரு தாழ்வாரம். பள்ளி ஆசிரியர்கள், ஓய்வுபெற்ற வருவாய்த்துறைக்காரர், போட்டோ ஸ்டூடியோ வைத்திருப்பவர், மருந்துக்கடைக்காரர் என்று சேர்ந்து சந்தா போட்டு வாடகை கட்டுகிறோம். இருபது திருகை வைத்தால் நடக்க இடம் இருக்காது. ஒன்றே ஒன்று வைத்திருக்கிறோம். அது அழகான திருகை இல்லை. மேல்கல்லில் கைப்பிடிக்கு இரண்டு குழிகள். முதல் குழி தேய்ந்து பெரிதானதும் இன்னொன்று போட்டிருக்கிறார்கள். அதில் மாவரைத்த மூதாட்டி உயிரோடு இருந்தபோதே எல்லாவற்றையும் கேட்டு எழுதிவிட்டோம். கல் எந்த ஊர்ச் சந்தையில் வாங்கியது, கொத்துகிறவர் எந்த மாதம் வருவார், விடியலில் எந்நேரம் அரைக்க உட்கார வேண்டும், எத்தனை பேருக்குக் களி, ஊருக்குள் மில் வந்ததும் யார் முதலில் அரைப்பதை நிறுத்தினார்கள். அந்தக் குறிப்பு இல்லையென்றால் அது இரண்டு வட்டக் கல், அவ்வளவுதான்.

அதனால் பொருளை வாங்குமுன் நாங்கள் கேட்கும் கேள்விகள் கொஞ்சம் நீளம். யார் பயன்படுத்தினார்கள், எங்கே வாங்கியது அல்லது செய்தது, புழக்கம் எப்போது நின்றது, ஏன் நின்றது. கடைசிக் கேள்விக்குத்தான் நல்ல பதில்கள் வரும். மாடு கட்டிக் கிணற்று நீர் இறைக்கும் கவலையின் தோல்சாலைக் காட்டி ஏன் நின்றது என்று கேட்டால், கரண்டு வந்த கதை, மோட்டாருக்கு வாங்கிய கடன், மாட்டை விற்றது, கிணறு வற்றியது என்று ஒரு குடும்பத்தின் முப்பது வருஷக் கணக்கும் வெளியே வந்துவிடும். பதில் தெரியாத பொருளை, எவ்வளவு பழையதாக இருந்தாலும், பெரும்பாலும் திருப்பி அனுப்புகிறோம்.

சில பொருட்களைச் சட்டத்துக்காகவும் மறுக்க வேண்டியிருக்கிறது. வரப்பு வெட்டும்போது காசுப் பானை கிடைத்தது என்று ஒருவர் வந்தால் அதை நாங்கள் தொடக்கூட மாட்டோம். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. கிடைத்ததன் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவித்தாக வேண்டும். அந்தப் பத்து ரூபாய் இன்றுவரை மாறாததை நினைத்தால் சிரிப்பு வரும். ஆனால் மனு எழுதிக் கொடுத்து அவரோடு தாசில்தார் அலுவலகம்வரை போகும்போது யாருக்கும் சிரிப்பு வராது. சாமி சிலைகளும் அப்படித்தான். நூறாண்டு கடந்த சிற்பம் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்கீழ் வரும், அதைப் பதிவு செய்ய வேண்டும். எங்களைப் போன்றவர்கள் ஆர்வத்தில் அலமாரிக்குள் வைத்துவிட்டு அப்புறம் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

2022 மே மாதம் எங்கள் பக்கத்து மயிலாடும்பாறை அகழாய்வின் காலக்கணிப்பு அறிவிக்கப்பட்டது. அங்கே இரும்பின் காலம் பொ.ஆ.மு. 2172 வரை போகிறது என்ற செய்தி வந்த பிறகு, எங்கள் வாசலுக்கு இரும்புக் கசடு மூட்டை மூட்டையாக வரத் தொடங்கியது. "நாலாயிரம் வருஷம் இருக்குமா சார்?" என்று ஆசையோடு கேட்பார்கள். கசடைக் கையில் வைத்துப் பார்த்து வயது சொல்ல யாராலும் ஆகாது. மயிலாடும்பாறையிலும் இரும்போடு அதே மண்ணடுக்கில் கிடைத்த மாதிரிகளைச் சோதனைக்கு அனுப்பித்தான் காலத்தைக் கண்டார்கள். காட்டிலிருந்து பொறுக்கிக் கோணியில் கட்டிய கணமே அந்தக் கசடு சொல்லக்கூடியதில் பாதி போய்விடுகிறது. எடுத்த இடத்திலேயே கொட்டிவிட்டு, அந்த இடத்தைக் காட்டுங்கள், நாங்கள் வந்து குறித்துக்கொள்கிறோம் என்போம். இதைச் சொல்லிப் புரியவைப்பதுதான் எல்லாவற்றையும்விடக் கடினம். மனிதர் வெயிலில் குனிந்து பொறுக்கிக்கொண்டு வந்திருப்பார்.

எங்கள் பகுதியின் பெரிய செல்வம் நடுகற்கள். அவற்றில் ஒன்றுகூட எங்கள் அறைக்குள் இல்லை, வரவும் விடமாட்டோம். மாடு கவர வந்தவர்களோடு போரிட்டு இறந்தவனுக்கும், புலியைக் குத்தி மாண்டவனுக்கும் எடுத்த கற்கள், தர்மபுரியிலிருந்து செங்கம், திருவண்ணாமலைவரை வயல் ஓரத்திலும் ஏரிக்கரையிலும் நிற்கின்றன. பல கற்கள் இன்று வேடியப்பன் என்ற சாமி. எண்ணெய், மஞ்சள், ஆடி மாதப் பொங்கல், கிடாவெட்டு எல்லாம் உண்டு. ஜவ்வாது மலை, ஏலகிரிப் பக்கம் போனால் புதிய கற்காலக் கைக்கோடரிகளையே பிள்ளையார் கோயிலில் குவித்து வைத்துக் கும்பிடுகிறார்கள். ஆயிரம் வருஷத்துக்கு மேலாக ஒரு கல்லைப் பூசாரி பார்த்துக்கொள்கிறார் என்றால், இரண்டு அறை வாடகைக்கே திண்டாடும் நாங்கள் அவரைவிட நன்றாகப் பார்த்துக்கொள்ளப் போவதில்லை. கேட்பாரற்றுக் கிடந்து, சாலைப் பணிக்காரர்களின் இயந்திரம் நெருங்கும் கல் என்றால் அது வேறு. அதற்கும் முதலில் அரசு அருங்காட்சியகத்துக்கும் தொல்லியல் துறைக்கும்தான் எழுதுகிறோம்.

கல் வராது; அதன் படி வரும். மைப்படி எடுப்பதுதான் மன்றத்தில் எனக்குப் பிடித்த வேலை, கையை அழுக்காக்கும் வேலையும் அதுதான். முதலில் பூசாரியிடம் கேட்க வேண்டும். "கல்ல கவர்ன்மெண்டு எடுத்துட்டுப் போயிடுமா?" என்ற பயம் எல்லா ஊரிலும் உண்டு. இல்லை அண்ணா, எழுத்தை மட்டும் தாளில் எடுத்துக்கொள்கிறோம், படித்துச் சொல்கிறோம் என்றால் ஒத்துக்கொள்வார். எண்ணெய்ப் பிசுக்கை அவரே கழுவித் தரட்டும் என்று காத்திருப்போம். சாமியை நாம் தேய்க்கக் கூடாது, அவர் தேய்க்கலாம்.

பிறகு தண்ணீர் தெளித்துத் தாளை ஒட்டி, நடுவிலிருந்து ஓரத்துக்குக் காற்றுக் குமிழ்களைத் தள்ளி, தூரிகையால் தட்டத் தொடங்க வேண்டும். தட்டத் தட்டத் தாள் எழுத்தின் பள்ளத்துக்குள் இறங்கும். ஈரம் முழுதும் காயாமலும் சொட்டாமலும் இருக்கும் பதத்தில் மை ஒற்ற வேண்டும். ஈரம் மிகுந்தால் மை ஊறிப் பரவிவிடும். காய்ந்துவிட்டால் தாள் கல்லை விட்டுக் கிளம்பும். எங்கள் ஊர் வெயிலில் அந்தப் பதம் சில நிமிடம்தான் நிற்கும், அதனால் விடிந்ததும் வேலையைத் தொடங்கிவிடுவோம். காற்று எழுந்துவிட்டால் நான்கு பேர் நான்கு மூலையைப் பிடிக்க வேண்டும். நடுகல்லில் இன்னொரு தொல்லை: வீரனின் உருவம் புடைத்து நிற்கும், எழுத்து அவன் தலைக்கு மேலேயோ வில்லுக்குப் பக்கத்திலேயோ நெருக்கி எழுதியிருக்கும். தாளை ஒரே பரப்பாகப் போட்டால் முழங்கையிலோ வாள்முனையிலோ கிழியும். எழுத்துள்ள பகுதிக்குத் தனித்தாள், உருவத்துக்குப் புகைப்படம் என்று பிரித்துக்கொள்கிறோம்.

பக்தியில் எனாமல் பெயிண்ட் அடித்துவிட்ட கற்களில் மைப்படி எடுபடாது. அங்கே இருட்டிய பிறகு போய் டார்ச் ஒளியைப் பக்கவாட்டில் சாய்த்துப் படம் எடுப்போம். பகலில் மொழுமொழுவென்று தெரிந்த இடத்தில் வட்டெழுத்து எழுந்து நிற்கும். இரவில் போவதற்கு முன் ஊரில் நாலு பேரிடம் சொல்லிவிட்டுத்தான் போவோம். நடுகல்லுக்கு அடியில் புதையல் இருக்கும் என்று நம்பி ராத்திரியில் தோண்டுகிற கும்பல்கள் இருக்கின்றன. டார்ச்சோடு நிற்கும் ஆசிரியரையும் அந்தக் கும்பலையும் தூரத்தில் இருப்பவர் எப்படிப் பிரித்தறிவார்?

படித்துச் சொல்கிறோம் என்று பூசாரியிடம் கொடுத்த வாக்கில்தான் உண்மையான சிக்கல் இருக்கிறது. வட்டெழுத்தில் பெரும்பாலும் புள்ளி இராது, பகரமும் வகரமும் குழப்பும், பாதி வரி சிதைந்திருக்கும். தெரியாத எழுத்துக்குப் புள்ளி வைத்துவிடுகிறோம். படித்து முடித்தால் இன்னொன்று. புலியோடு கட்டிப்புரண்டு செத்த அண்ணன் தம்பி என்று ஊர் தலைமுறையாகச் சொல்லியிருக்கும். கல்லிலோ தொறு மீட்டுப் பட்டான் என்றிருக்கும்; தொறு என்றால் மாட்டு மந்தை. கல் சொல்வதை மட்டும் பலகையில் எழுதி வைப்பதுதான் வரலாறு என்று எங்களில் சிலர் வாதிட்டார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கல்லின் வாசகம் வெட்டிய நாளைச் சொல்கிறது. ஊரின் கதை அந்த நாளிலிருந்து இன்றுவரை கல்லைக் காப்பாற்றியிருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்து எழுதுகிறோம், எது எது என்று தெளிவாகக் குறித்து. அதைவிட நெருக்கடியான ஒரு கோரிக்கை இப்போது அடிக்கடி வருகிறது: இந்த வீரன் எங்கள் ஆள் என்று பலகையில் சாதிப் பெயரைப் போடச் சொல்கிறார்கள். ஒரே கல்லுக்கு இரண்டு தரப்பு கேட்டதும் உண்டு. கல்லில் இல்லாத பெயர் பலகையில் வராது என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறோம். நன்கொடை சில இடங்களில் குறைந்திருக்கிறது.

ஆண்டு விழாவை எந்தத் தேதியில் வைப்பது என்பதில் உலக நாட்காட்டி எங்களுக்குச் சரிப்படாது. அருங்காட்சியக நாள் மே 18. பள்ளி விடுமுறை, பிள்ளைகள் இல்லாமல் எதற்கு விழா? மரபு வாரம் நவம்பர் 19 முதல் 25 வரை. மழைக்காலம், மைப்படித் தாள் நமத்துப் போகும். தை, மாசியில்தான் வைக்கிறோம், பள்ளியின் தொன்மைப் பாதுகாப்பு மன்றத்தோடு சேர்ந்து, ஊருக்கு ஊர் மாறி. கயிறு கட்டி மைப்படிகளைத் தொங்கவிடுவோம். பிள்ளைகளை இழுக்கும் கதை எப்போதும் எடுத்தனூர் நடுகல்தான். திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கும் அந்தக் கல் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. இறந்த வீரன் கருந்தேவக்கத்தி. பக்கத்தில் அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கள்ளர்கள் இருவரைக் கடித்துக் காவல் நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்று கல்லிலேயே வெட்டியிருக்கிறார்கள். அன்று சாயங்காலம் ஊரில் ஏதாவது ஒரு நாய்க்குட்டிக்குப் பெயர் மாறும்.

பெரியவர்கள் கூடும் இடம் அளவை மேசை. மரக்கால், படி, உழக்கு, ஆழாக்கு எல்லாம் வைத்து ஒரு சாக்கு ராகியும் கொட்டிவிடுவோம். எட்டு ஆழாக்கு ஒரு படி, எட்டுப் படி ஒரு மரக்கால் என்று பிள்ளைகள் அளந்து பார்க்கும்போது பின்னாலிருந்து ஒரு பாட்டி குறுக்கிடுவார்: "அது உங்க கணக்கு. எங்க ஊரு வள்ளம் நாலு படி. கூலி அளக்க ஒரு வள்ளம், கடன் வாங்க ஒரு வள்ளம் வெச்சிருந்தாங்க, அது தெரியுமா?" எங்களில் ஒருவர் நோட்டோடு மேசை அருகிலேயே நிற்பது இதற்காகத்தான். பாடப்புத்தக வாய்பாட்டில் வராத அளவைகள் எல்லாம் இப்படிச் சண்டையில்தான் கிடைத்தன.

கீழடி அருங்காட்சியகம் 2023 மார்ச்சில் திறந்தபின், அதைப் பார்த்துவிட்டு எங்கள் அறைக்கு வருகிறவர்கள் "இவ்வளவுதானா?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அவர்களுக்கு இரண்டு பதிவேடுகளைக் காட்டுகிறோம். முதலாவது வரவுப் பதிவேடு, எங்களிடம் உள்ளவை. அது மெலிந்தது. இரண்டாவதில் நாங்கள் வேண்டாம் என்று சொன்னவை: பொருள், அளவு, ஒரு படம், நாலு கேள்விக்கும் பதில், இப்போது எந்த ஊரில் எந்த வீட்டில் இருக்கிறது, பார்க்க விடுவார்களா. திருப்பி அனுப்பும் பொருளை அதில் எழுதும்போது கொடுக்க வந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதுவோம். பழைய கல்யாணப் படங்களையும் அன்றே நகல் எடுத்துத் திருப்பிவிடுகிறோம், படத்தில் நிற்பவர்களின் பெயர்களை எழுதிக்கொண்டு. தன் திருகைக்கு ஒரு பக்கம் கிடைத்த குடும்பம் அதை அவ்வளவு சீக்கிரம் தூக்கி எறிவதில்லை. சில வருஷத்துக்கு ஒருமுறை போய்ச் சரிபார்க்கிறோம். விற்றுவிட்டார்கள் என்றால் அதையும் தேதி போட்டு எழுதிவிடுகிறோம்.

சமீபத்தில் பாசனக் கருவிகளை ஆராயும் மாணவர்கள் சிலர் வந்தார்கள். எங்கள் அறையில் இருந்த ஒற்றைத் தோல்சாலை அளந்து முடிக்க அவர்களுக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. இரண்டாவது பதிவேட்டைப் புரட்டி விலாசங்களைக் குறித்துக் கொடுத்தோம். கிணற்றடியில் இன்னும் உருளை மாட்டியபடியே நிற்கும் கவலை ஒன்று அதில் இருந்தது. அந்த வீட்டுக்காரர் வடத்தைக் கட்டி, மாடு இல்லாததால் மாணவர்களையே இழுக்க வைத்திருக்கிறார்.