கல்லை எடுத்த மாதிரியே

விரல் நுனியில் செல்லோடேப்பை ஒட்டி ஒட்டி எடுத்தேன். விளக்குக்குக் கீழே சாய்த்துப் பார்த்தால் டேப்பில் வெள்ளை வெள்ளையாய் மின்னுகிறது, கண்ணாடித் தூள் மாதிரி. சேலையூர் வீட்டு உப்புநீர்த் தொட்டியில் கையுறை இல்லாமல் கல்லை நகர்த்தினேன். அடியில் இருந்தது ஒரு முள்மயிர்ப் புழு.

முள்மயிர் குத்திய இந்த எரிச்சல் எனக்குப் பழசு. தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் விலங்கியல் படித்தபோது மண்டபம் போய், அங்கிருந்து படகில் குருசடைத் தீவு. நீர் வற்றிய நேரத்தில் ஒரு கல்லைப் புரட்டினேன். இளஞ்சிவப்பு உடம்பு, இரு பக்கமும் வெண்மயிர்க் கொத்து. அழகாக இருக்கிறதே என்று தொட்டுவிட்டேன். "யூரித்தோங்கிற புழு. மயிர் சுண்ணாம்பு, உள்ளே போய் முறிஞ்சுடும்" என்றார் சார். 1927இல் கிரேவ்லி தலைமையில் சென்னை அருங்காட்சியகம் இந்தத் தீவின் கரையோர உயிர்களைப் பதிவு செய்து வெளியிட்டதைச் சொன்னார். நான் கிளம்பப் போனேன். "கல்லை எடுத்த மாதிரியே திருப்பி வைப்பா. அடியில இருக்கிறதெல்லாம் வெயில் தாங்காது."

அந்தத் தீவின் பவளக்கல் என் தொட்டியில் ஒரு துண்டும் இல்லை. 2001 முதல் பவளங்கள் வனவுயிர்ச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, எடுக்கக் கூடாது. என்னுடையவை செயற்கைக் கற்கள். நண்பர் தொட்டியில் ஊறி வந்தவை. புழுக்களும் அப்படித்தான் வந்தன.

தொட்டி வைத்த முதல் வருஷம் ஒரு மீன் கடைக்காரர் சொன்னார்: "புழு இருந்தா மீன் காலி சார், எல்லாத்தையும் பிடிச்சுப் போடுங்க." ராத்திரி ராத்திரியாக இறால் துண்டைக் கட்டித் தொங்கவிட்டு ஒன்று விடாமல் பிடித்தேன். கொஞ்ச நாளில் தொட்டி நாறத் தொடங்கியது. கல்லிடுக்கில் விழுந்த தீனியைத் தின்றுகொண்டிருந்தவர்களைத்தான் நான் கொன்றிருந்தேன். இன்றும் அது மனசை அறுக்கிறது.

இப்போது டார்ச்சில் சிவப்புக் காகிதம் சுற்றிப் பார்க்கிறேன். சிவப்பு வெளிச்சத்துக்கு அவை அவ்வளவாக ஓடுவதில்லை. விரலளவில் மெலிந்து, மிச்சத் தீனியைத் தேடி ஊர்வதை விட்டுவிடுகிறேன். கண்ணாடியில் மிளகுக்கும் சிறிதாய்ச் சுருண்ட வெள்ளைக் கூடுகள், நிழல் பட்டால் சட்டென்று உள்ளே போகும் விசிறிப் புழு, சேமியா இழைபோலக் கையை நீட்டும் குழல்வாசி, இவையெல்லாம் வீட்டு மனிதர்கள். தலையில் ஐந்து உணர்கொம்பும் வானவில் பளபளப்புமாய்த் தடித்து வளர்ந்தது என்றால் அது யூனிஸ் என்ற புழு. அதைக் கல்லோடு வெளியே எடுத்துவிட வேண்டும். துருநிறத்தில், வால் பிளந்து கண்ணாடியில் அப்பிக் கிடக்கும் தட்டைப்புழுவை டியூப் வைத்து உறிஞ்சுகிறேன். மருந்து ஊற்றி மொத்தமாய்ச் சாகடித்தால் அவை விடும் நஞ்சே மீனைக் கொல்லும்.

விரல் இன்னும் எரிகிறது. கையுறை மாட்டிக்கொண்டு தொட்டிக்குத் திரும்பினேன். கல் மல்லாந்தே கிடக்கிறது. அந்தப் புழு வெளிச்சம் தாங்காமல் மணலில் முகம் புதைத்துக்கொண்டிருக்கிறது. எந்தப் பக்கம் கீழே இருந்தது என்று பாசியின் நிறத்தைப் பார்த்துக் கண்டுபிடித்து, மெல்ல அதன்மேல் கவிழ்த்தேன்.