நெல்லையிலிருந்து செந்தூருக்கு

வான்வழியே அளந்தால் திருநெல்வேலிக்கும் திருச்செந்தூருக்கும் நடுவே ஏறக்குறைய 50 கிலோமீட்டர். 1923-இல் போட்ட ரயில் பாதைக்கு அதுவே 61 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். வாகைக்குளத்தில் விமானம் ஏறியவர் கிட்டத்தட்ட அதே நேரத்தில் சென்னையில் இறங்கிவிடுவார். ஆனால் இந்த ரயில் வளைவது வீண் இல்லை. ஆற்றையும் குளங்களையும் ஒட்டித்தான் ஊர்கள், ஊர்களைத் தேடித்தான் பாதை.

ஜங்ஷனைத் தாண்டியதும் தாமிரபரணிப் பாலம். அப்புறம் பாளையங்கோட்டை, செய்துங்கநல்லூர். தாதன்குளம் வந்தால் எங்கள் பக்கம். ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன் பெயருக்குத்தான் அந்த ஊருடையது. அது இருப்பது தென்கரையில், புதுக்குடியில். ஊர் அக்கரையில்.

வைகாசி கருடசேவைக்கு ஆச்சி எங்களை அங்கேதான் ரயிலேற்றுவாள். அடுத்த ஸ்டேஷன் ஆழ்வார்திருநகரி. கட்டுச்சோற்றைப் பிரிப்பதற்குள் இறங்க வேண்டியிருக்கும். நவதிருப்பதியின் ஒன்பது பெருமாள்களும் அன்று நம்மாழ்வாரைத் தேடி வருவார்கள். வடகரைக் கோயில்களிலிருந்து புறப்பட்டவர்கள் ஆற்றைக் கடந்தாக வேண்டும். ராத்திரி ஒன்பது கருடனும் வரிசையாக வர, அன்ன வாகனத்தில் ஆழ்வார். தூங்கி விழுகிற எங்களை ஆச்சி உலுக்கி எழுப்பி, "இது இரட்டைத் திருப்பதி, இது பெருங்குளம்" என்று ஊர்ப் பெயராலேயே பெருமாள்களை அடையாளம் காட்டுவாள். நான் பள்ளத்தாக்கின் பூகோளம் படித்தது அந்த ராத்திரியில்தான். விடிந்து ரயிலுக்கு வந்தால் பிளாட்பாரம் முழுக்க வேட்டி விரித்துப் படுத்த ஜனம்.

அதே புதுக்குடி ஸ்டேஷனில் 17 டிசம்பர் 2023 இரவு செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்றுபோனது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை. தாதன்குளம் பக்கம் கரை அரித்துப்போய்த் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. ரயிலில் சுமார் 800 பேர். ஹெலிகாப்டர் வருவதற்கு முன்பே புதுக்குடி ஜனம் தங்கள் வீட்டு அரிசியைப் பொங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். 19-ஆம் தேதிதான் பயணிகளை மீட்டு, வாஞ்சி மணியாச்சிக்கு பஸ்ஸில் அனுப்பினார்கள்.

மழையை மட்டும் பழி சொல்லி முடித்துவிடக் கூடாது. மருதூர் மேலக்காலும் ஸ்ரீவைகுண்டம் தென்காலும் குளத்துக்குக் குளம் தண்ணீர் கொடுப்பவை. ஒன்று நிரம்பினால் மறுகால் பாய்ந்து அடுத்தது நிரம்ப வேண்டும். குளங்களில் வண்டல் ஏறிக் கிடக்கிறது. ஸ்ரீவைகுண்டம் அணையையே தூர்வாரச் சொல்லி 2015-இல் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட வேண்டியிருந்தது. கொள்ளளவு இழந்த குளம் உடைந்தால், தண்ணீர் போகும் வழியில் ரயில் கரை குறுக்கே நிற்கிறது. அடியில் உள்ள சின்னப் பாலங்கள் சாதாரண மழைக்குப் போதும், உடைப்பெடுத்த குளத்துக்குப் போதாது. ஜனவரி 2024-இல் மண்ணும் ஜல்லியும் கொட்டி ரயிலை ஓட விட்டார்கள். வேகமான வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் குளங்களுக்கு அந்த வேகம் கிடைக்கவே இல்லை.

நாசரேத், குரும்பூர், ஆறுமுகநேரி, காயல்பட்டினம். பிறகு கடல் காற்று, திருச்செந்தூர். சஷ்டிக்கும் விசாகத்துக்கும் கூடுதல் ரயில் வேண்டும் என்று ஒவ்வோர் ஆண்டும் மனுக் கொடுக்கிறோம். அதே மனுவில் இரண்டு வரி சேர்த்து எழுத வேண்டும்: தாதன்குளம் முதல் குரும்பூர் வரை பாதைக்கு அடியில் உள்ள பாலங்களை அகலப்படுத்துங்கள், அதற்கு முன்னால், அடுத்த வடகிழக்குப் பருவமழைக்குள், குளங்களைத் தூர்வாருங்கள்.