கிரகட்டோவாவின் கரிய மணற்கரை

ஜாவாவுக்கும் சுமத்ராவுக்கும் நடுவே கடல் குறுகி ஓடும் இடத்துக்கு ஸுந்தா ஜலசந்தி என்று பெயர். அதன் மத்தியில் மூன்று தீவுகள் வளையமாக நிற்கின்றன. வளையத்தின் நடுவே நான்காவதாக ஒரு கரிய குன்று புகைந்துகொண்டிருக்கிறது. அக்குன்றுதான் அனாக் கிரகட்டோவா. 'அனாக்' என்னும் மலாய்ச் சொல்லுக்குக் குழந்தை என்று பொருள். சுற்றி நிற்பவை ரக்காட்டா, ஸெர்த்துங், பன்ஜாங் என்பன. இந்நான்கில் எதிலும் ஊர் இல்லை. மனிதர் நிலையாக வாழ்வதில்லை. காற்று மாறும்போது வலைஞர் சிலர் வந்து ஒதுங்கிப் போவதோடு சரி.

ஜாகார்த்தாவிலிருந்து மேற்கே மோட்டாரில் சில மணி நேரம் சென்றால் கரீத்தா என்னும் கடற்கரைச் சிற்றூரை அடையலாம். அங்கிருந்து தீவுக் கூட்டம் ஏறக்குறைய முப்பது மைல். விசைப்படகு ஒன்றரை மணி அல்லது இரண்டு மணி நேரத்தில் கொண்டுபோய் விடும். மார்கழி, தை மாதங்களில் மேல்காற்று கடுமை. சித்திரைக்குப் பின் கடல் சாதுவாகிறது. எரிமலை சீறும் நாட்களில் அனாக் தீவில் இறங்க அரசாங்கம் அனுமதிப்பதில்லை. நாங்கள் சென்ற சமயம் அத்தகையதே. ஆகவே எங்கள் படகோட்டி குழந்தையை எட்டத்தில் வைத்து வணங்கிவிட்டு, தாயின் மடியான ரக்காட்டாவின் கரையில் படகை ஏற்றினார்.

காலை வைத்ததும் முதலில் உணர்ந்தது மணலின் சூடு. அது நம் கடற்கரை மணலைப்போல் பொன்னிறமானதன்று; அடுப்புக் கரியைப் பொடித்துச் சலித்தாற்போன்றது. ஈரமான இடத்தில் பட்டுப்போல் பளபளக்கிறது. உலர்ந்த இடத்திலோ காலை பத்து மணிக்கே வெறுங்காலால் நடக்க இயலவில்லை. இடையிடையே வெளுத்த கற்கள் கிடக்கின்றன. ஒன்றை எடுத்தால் கையில் கனமே தோன்றாது. கடலில் எறிந்தால் அமிழாமல் மிதக்கிறது. எரிமலைக் குழம்பு தன்னுள் அடங்கிய வாயுக்களால் நுரைத்துப் பொங்கி, அந்த நுரையோடேயே உறைந்த கல் அது.

மணலுக்கு அப்பால் கண்ட பசுமைதான் என்னைத் திகைக்க வைத்தது. ஆட்டுக் குளம்பைப்போல் இரண்டாகப் பிளந்த இலையும் செவ்வூதாப் பூவுமாக அடும்பங்கொடி படர்ந்திருக்கிறது. அதன் பின்னே தாழை. அதற்கும் பின்னே புன்னை, சவுக்கு, தென்னை. நெய்தல் நிலத்தின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே நடக்கலாம். இவற்றை எவரும் இங்கே நடவில்லை. இங்கு நிற்கும் மரங்களின் வமிசம் எவ்வாறு வந்தது என்பதை அறிய 1883ஆம் ஆண்டுக்குப் போகவேண்டும்.

அவ்வாண்டு மே 20ஆம் தேதி இம்மலை புகையத் தொடங்கிற்று. அப்போது இங்கே ஒரே பெரிய தீவு. அதில் மூன்று சிகரங்கள். ஆகஸ்டு 26, 27 தேதிகளில் அது வெடித்தது. தீவில் மூன்றில் இரண்டு பங்கு கடலுக்குள் அமிழ்ந்தது. இரண்டு சிகரங்கள் இருந்த இடத்தில் ஆழ்கடல் உண்டாயிற்று. மூன்றாவது சிகரமான ரக்காட்டா பாதியாகப் பிளந்து நின்றது. கத்தியால் அறுத்த பலாப்பழத்தின் உட்புறம்போல் அதன் வடக்குச் செங்குத்துப் பாறை இன்றும் வரிவரியாய்த் தெரிகிறது. அதன் உச்சி இரண்டாயிரத்து அறுநூறு அடிக்கு மேல். வெடியின் ஓசை ஏறக்குறைய மூவாயிரம் மைலுக்கு அப்பால், மொரீஷியஸுக்கு அருகிலுள்ள ரொட்ரிகெஸ் தீவில் பீரங்கி முழக்கம்போல் கேட்டது. எழுந்த பேரலைகள் ஜாவாவின் அஞ்ஞர், சரிங்கின், மேராக் என்ற ஊர்களையும், எதிர்க்கரையில் தெலுக் பெத்துங் துறைமுகத்தையும் துடைத்தெறிந்தன. டச்சு அரசாங்கத்தின் கணக்குப்படியே இறந்தவர் 36,417 பேர்.

அச்சாம்பல் நம் நாட்டு வானத்தையும் தொட்டது. அவ்வாண்டு செப்டம்பர் மாதத்தில் சென்னையிலும் இலங்கையிலும் சூரியன் பச்சையாகத் தோன்றியது. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் ஆசிரியராயிருந்த மிச்சி ஸ்மித் அதைக் கவனித்து எழுதி வைத்தார். பின்னர் கோடைக்கானல் வானாராய்ச்சி நிலையத்தின் தலைவராக விளங்கியவர் அவரே. நம் முன்னோர் அண்ணாந்து பார்த்து அதிசயித்த அந்தப் பச்சைச் சூரியனின் மூலப்பொருள்தான் என் காலடியில் கிடந்த இந்த மண்!

வெடித்து ஒன்பது மாதம் கழித்து, 1884 மே மாதத்தில் ஒரு பிரெஞ்சுக் குழு இங்கே வந்திறங்கியது. அவர்கள் தேடிக் கண்ட ஒரே உயிர் கண்ணுக்கு அரிதாய்த் தெரிந்த ஒரு சிலந்தி. உண்பதற்கு ஒரு ஈயும் இல்லாத தீவில் அது வலை பின்னிக்கொண்டிருந்ததாம். 1886இல், ஜாவாவிலுள்ள பொயிட்டன்ஸோர்க் தாவரத் தோட்டத்தின் தலைவர் த்ரெய்ப் வந்து பார்த்தபோது, மலைச் சரிவில் பதினொரு வகைப் பெரணிகள் முளைத்திருந்தன. கரையில் அடும்பும் புன்னையும் வேரூன்றியிருந்தன. பெரணியின் வித்து தூசியினும் நுண்ணியது. காற்றில் பறந்து வரும். புன்னங்காயும் தேங்காயும் கழற்சிக்காயும் உப்புநீரில் நாட்கணக்காக மிதந்தாலும் கெடுவதில்லை. ஆலும் அத்தியும் பறவையின் வயிற்றிலும் வௌவாலின் வயிற்றிலும் பிரயாணம் செய்து வந்தன. உடும்பு தானே நீந்தி வந்தது. மலைப்பாம்பும் வந்து சேர்ந்தது. எல்லாம் அழிந்தன என்பதற்குச் சாட்சி ஏது, முதலில் வந்தவர்கள் தீவு முழுவதையுமா தேடிப்பார்த்தார்கள் என்று 1929இல் பாக்கர் என்னும் தாவர சாஸ்திரி ஒரு நூலில் குறுக்கு விசாரணை செய்தார். கேள்வி கூர்மையானது. ஆயினும் சாஸ்திரிகளில் பெரும்பாலோர் தீவு அடியோடு வெறுமையானது என்றே கொள்கின்றனர்.

பாசியையும் பெரணியையும் அத்தனை அக்கறையோடு எண்ணிய அதே ஆட்சி, எதிர்க்கரையில் எஞ்சியிருந்த மனிதரை எவ்விதம் எண்ணிற்று? பாந்தன் பிரதேசத்துக் குடியானவர்கள் மாட்டு நோயாலும் பஞ்சத்தாலும் நொந்திருந்த வேளையில் இந்தப் பிரளயமும் அவர்கள் தலையில் விழுந்தது. வரி மட்டும் குறைந்தபாடில்லை. 1888 ஜூலை மாதத்தில் சீலெகோன் என்ற ஊரில் அவர்கள் கிளர்ந்தெழுந்தனர். டச்சுப் படை அதை அடக்கியது. விஞ்ஞான நூல்களில் 1886க்கு ஒரு நீண்ட அத்தியாயம் உண்டு. இந்த 1888க்கு அவற்றில் இடமில்லை. கரீத்தாவிலிருந்து புறப்படுகிறவர்கள் அவ்வழியாகத்தான் பெரும்பாலும் வருகிறார்கள்.

ஆளில்லாத தீவும் பேராசையிலிருந்து தப்பியதில்லை. 1916இல் ஒரு ஜெர்மானியர் டச்சு அரசாங்கத்திடம் குத்தகை பெற்று, நுரைக்கல் வெட்டுவதற்காக ரக்காட்டாவில் குடியேறினார். சில ஆண்டுகளில் வியாபாரம் நின்றது, ஆள் போனார். அவர் மூட்டைகளோடு வந்ததாகச் சொல்லப்படும் எலிகள் மட்டும் போகவில்லை. இன்று தீவுகள் காப்பிடங்களாக உள்ளன. 1991இல் உஜோங் குலோன் வனத்தோடு சேர்த்து உலகப் பாரம்பரியச் சொத்தாகவும் அறிவிக்கப்பட்டன. ஆனால் கடலுக்கு யார் வேலி போடுவது? அடும்பங்கொடியின் நடுவே ரப்பர்ச் செருப்புகளையும் பிளாஸ்டிக் புட்டிகளையும் கண்டேன். புன்னங்காயைக் கொணர்ந்த அதே நீரோட்டம்தான் இவற்றையும் கொணர்ந்திருக்கிறது.

கரையின் ஓரத்திலிருந்து பார்த்தால் குழந்தைத் தீவு நன்றாகத் தெரிகிறது. 1927இல் வலைஞர்கள் கடல் கொதிப்பதைக் கண்டனர். அவ்வாண்டு இறுதியில் நீருக்கு மேல் தலை தூக்கிய தீவை அலைகள் மறுபடி மறுபடி அரித்துக் கரைத்தன. 1930இல்தான் அது நிலைத்தது. அதன் கரையிலும் நாணலும் சவுக்கும் குடியேறின, 1952இல் எரிமலை அவற்றை மூடியது, மீண்டும் குடியேறின. அது ஆயிரத்து நூறு அடி உயரத்தை எட்டியிருந்த சமயம், 2018 டிசம்பர் 22ஆம் தேதி இரவில், தென்மேற்குப் பக்கம் சரிந்து கடலில் விழுந்தது. 1883இல் உண்டான பள்ளத்தின் விளிம்பிலே குன்று வளர்ந்திருந்ததே காரணம். பூகம்பத்தை அறியும் கருவிகள் அலையை முன்கூட்டிச் சொல்லவில்லை. ஏனெனில் அலையை எழுப்பியது பூகம்பம் அன்று. ஜாவாவின் கரையில் ஒரு விடுதியில் பாட்டுக் கச்சேரி நடந்துகொண்டிருக்கையில் மேடையின் பின்னாலிருந்து நீர் வந்தது. நானூறு பேருக்கு மேல் மாண்டனர். குன்று ஏறக்குறைய முந்நூற்று அறுபது அடியாகக் குறைந்தது.

அந்த இரவைப்பற்றி எங்கள் படகோட்டியிடம் கேட்டேன். ஐம்பது வயதிருக்கும், அவ்வூரார் வழக்கப்படி 'பாப்பாக்' என்று அழைத்துவந்தோம். அவர் அதிகம் பேசவில்லை. தம் பழைய படகு தென்னந்தோப்பில் இரண்டு துண்டாகக் கிடந்தது என்றார். இது தம்பியின் படகு என்றார். தம்பி எங்கே என்று நாங்கள் கேட்கவில்லை. அவர் ஒரு கழற்சிக்காயை எடுத்து மணலில் தேய்த்துச் சூடு பார்த்துவிட்டு, தம் பேரனுக்கென்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

நடுப்பகலுக்குப் பின் காற்று ஏறும் என்று அவர் அவசரப்படுத்தினார். புறப்படுமுன் மணல்மேட்டில் ஒரு பெரிய உடும்பு மெல்ல இறங்கி வந்து, நாங்கள் உணவு உண்ட இடத்தை நாவால் துழாவிப் பார்த்தது. எங்களைச் சட்டை செய்யவில்லை. அதன் வால் கரிய மணலில் ஒரு நீண்ட கோடு இழுத்தது. படகு திரும்பியபோது அனாக்கின் உச்சியிலிருந்து சாம்பல்நிறப் புகை ஒரு பந்தாகக் கிளம்பிற்று. சற்று நேரம் சென்று அதன் ஓசை எங்களை வந்தடைந்தது. படகோட்டி திரும்பிப் பாராமலே இயந்திரத்தை முடுக்கினார்.