ஒன்பதாவது பதக்கம்

1979 மார்ச் மாதத்தில் அயர்லாந்தின் கார்க் நகரம் தெருவுக்கு வந்து நின்றது. நகரத் தெருவில் மயங்கி விழுந்து இறந்துபோன ஒருவருடைய இறுதி ஊர்வலம் அது. அவர் பிறந்த க்ளாயின் என்ற சிற்றூரில்தான் அடக்கம். வழியெல்லாம் பல்லாயிரம் பேர் நின்றார்கள். கல்லறையருகே நின்று பேசியவர் நாட்டின் பிரதமர் ஜாக் லிஞ்ச். இறந்தவர் பதவியில் இருந்தவர் அல்ல, பணக்காரரும் அல்ல. ஷெல் கம்பெனியின் எண்ணெய் லாரியை ஓட்டிப் பிழைத்தவர். பெயர் கிறிஸ்டி ரிங், வயது 58.

லிஞ்ச் அங்கே பிரதமராக மட்டும் வரவில்லை. 1940-களில் இருவரும் கார்க் கவுண்டியின் சிவப்புச் சட்டையில் சேர்ந்து ஹர்லிங் ஆடியவர்கள். கிளென் ரோவர்ஸ் என்ற ஒரே கிளப்பைச் சேர்ந்தவர்கள். ஒருவர் நாட்டை ஆளப் போனார், மற்றவர் லாரி ஓட்டினார். ஆனால் தெருவில் போனால் யாரைப் பார்க்கக் கூட்டம் கூடும் என்று கார்க்கில் கேட்டிருந்தால் பதில் சொல்ல ஒருவரும் யோசித்திருக்க மாட்டார்கள்.

ஹர்லிங் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பக்கத்துக்குப் பதினைந்து பேர். கையில் ஆஷ் மரத்தில் செதுக்கிய, நுனி அகன்று வளைந்த மட்டை. பந்தின் உள்ளே தக்கை, மேலே தோல். கம்பத்தின் குறுக்குச் சட்டத்துக்குக் கீழே அடித்தால் கோல், அதற்கு மூன்று புள்ளி. மேலே அடித்தால் ஒரு புள்ளி. பந்தைத் தரையிலும் அடிக்கலாம், அந்தரத்திலும் அடிக்கலாம், மட்டை நுனியில் ஏந்திக்கொண்டே ஓடவும் செய்யலாம். ரிங் காலத்தில் தலைக்கவசம் கிடையாது. தலைக்கு நேரே மட்டைகள் வீசப்படுகிற ஆட்டத்தில் வெறுந்தலையோடு நின்றார்கள். இத்தனைக்கும் கூலி என்று ஒரு காசு இல்லை. 1884-இல் தொடங்கிய கேலிக் விளையாட்டுச் சங்கம் இன்று வரை ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கொடுப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை குரோக் பார்க் மைதானத்தில் எண்பதாயிரம் பேர் முன்னால் ஆடியவர் திங்கட்கிழமை காலை வேலைக்குப் போக வேண்டும். ரிங் 1939-இல் கார்க் அணிக்குள் வந்ததிலிருந்து கால் நூற்றாண்டுக்கு அருகில் அப்படித்தான் போனார்.

அவருடைய நல்ல வருடங்கள் பெரும்பாலும் கேள்வி வழியாகவே நமக்குக் கிடைக்கின்றன. அயர்லாந்தில் தேசியத் தொலைக்காட்சி தொடங்கியது 1961-இன் கடைசி நாளில். அதற்குள் ரிங் நாற்பதைத் தாண்டிவிட்டார். மைதானத்துக்கு வர முடியாதவர்கள் வானொலியில் மீஹால் ஓ'ஹெஹிரின் வர்ணனையைக் கேட்டு மனத்துக்குள் ஆட்டத்தை ஓடவிட்டுக்கொண்டார்கள். 1944-இல் தர்லஸ் ஊரில் நடந்த மன்ஸ்டர் மாகாண இறுதி ஆட்டத்துக்கோ ஜனங்கள் சைக்கிளில் வந்தார்கள். போர்க்காலம், பெட்ரோல் இல்லை. கார்க்கும் லிமரிக்கும் சமன் செய்ததால் மறுபடி ஆட வேண்டியதாயிற்று. அந்த மறு ஆட்டத்தில் கார்க் 4 கோல் 6 புள்ளி, லிமரிக் 3 கோல் 6 புள்ளி. வித்தியாசம் ஒரே ஒரு கோல். முடிகிற நேரத்தில் ரிங் போட்ட கோல் அது. அந்த ஆண்டும் அகில அயர்லாந்துப் பட்டத்தை வென்றதில் கார்க் தொடர்ந்து நான்காவது முறையாக வாகை சூடியது. 1946 அகில அயர்லாந்து இறுதி ஆட்டத்தில் கில்கென்னிக்கு எதிராக அணித்தலைவராக நின்ற ரிங், மைதானத்தின் நடுவிலிருந்து பந்தை மட்டையில் ஏந்தி ஓடிப்போய் ஒரு கோல் போட்டார். பார்த்தவர்கள் அதைப் பேரப்பிள்ளைகளுக்கும் சொல்லியிருப்பார்கள்.

அவரைச் சாதுவாக வரைந்துகாட்ட எனக்கு விருப்பமில்லை. பந்தின் மேல் அவருக்கு இருந்த வெறியில் இரக்கத்துக்கு இடம் குறைவு. 1953 இறுதி ஆட்டத்தில் கால்வே அணித்தலைவர் மிக்கி பர்க் அடிபட்டதால் ரிங் மீது எழுந்த கசப்பு நெடுநாள் நீடித்தது. அதை மறைத்துவிட்டு அவரைப் புகழ்ந்தால் அது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. அதனால்தான் மூன்று வருடம் கழித்து நடந்த ஒன்று எனக்கு அவ்வளவு பெரிதாகத் தெரிகிறது.

1954 இறுதி ஆட்டத்தில் வெக்ஸ்போர்டை வீழ்த்தியபோது ரிங் கையில் எட்டாவது அகில அயர்லாந்துப் பதக்கம். அதற்கு முன் யாரும் எட்டு வாங்கியதில்லை. பார்க்க வந்தவர்கள் 84,856 பேர். ஹர்லிங் இறுதி ஆட்டம் ஒன்றுக்கு அதைவிடப் பெரிய கூட்டம் வந்ததில்லை. அந்த ஆட்டத்தில் வெக்ஸ்போர்டின் தற்காப்பைத் தாங்கிய நிக் ஓ'டோனல் காறையெலும்பு முறிந்து வெளியேறினார்.

1956-இல் அதே இரண்டு அணிகள் மறுபடி இறுதிக்கு வந்தன. கார்க்கில் போலியோ பரவியிருந்ததால் ஆட்டத்தைச் செப்டம்பர் 23-க்குத் தள்ளி வைத்தார்கள். ரிங்குக்கு வயது 36 ஆகப் போகிறது. ஒன்பதாவது பதக்கம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே மிச்சம், வெக்ஸ்போர்ட் கொஞ்சம்தான் முன்னால் இருக்கிறது. பந்து ரிங்கிடம் வந்தது, கோலை நோக்கி வேகமாக அடித்தார். கோல்காப்பாளர் ஆர்ட் ஃபோலி அதைத் தடுத்துவிட்டார். உள்ளே போயிருந்தால் மூன்று புள்ளி, கார்க் மேலே ஏறியிருக்கும். ரிங் செய்தது என்ன? ஃபோலியிடம் ஓடிப்போய்க் கைகுலுக்கினார். இழந்தது எவ்வளவு பெரிது என்பது மைதானத்தில் இருந்த யாரையும்விட அவருக்குத் தெரியும். அந்த நொடியில் அந்தக் கை எப்படி நீண்டது என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். தன்னைத் தோற்கடிக்க எவ்வளவு திறமை வேண்டும் என்பதை வாழ்நாளெல்லாம் பயின்றவருக்குத்தான் அந்தத் தடுப்பின் அருமை உடனே புரிந்திருக்கும் என்பது என் எண்ணம்.

சிறிது நேரத்தில் நிக்கி ரக்கார்ட் மறுபக்கத்தில் கோல் போட்டார். 2 கோல் 14 புள்ளி, 2 கோல் 8 புள்ளி என்ற கணக்கில் வெக்ஸ்போர்ட் வென்றது. விசில் ஊதியதும் வென்றவர்களில் இருவர், நிக் ஓ'டோனலும் பாபி ரக்கார்டும், தங்கள் தலைவரைத் தேடிப் போகவில்லை. தோற்ற ரிங்கைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைவிட்டு வெளியே வந்தார்கள். இரண்டு வருடத்துக்கு முன் எலும்பு முறிந்த அதே ஓ'டோனல்! ஒரு ஆட்டக்காரரின் தரத்துக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. எட்டுப் பதக்கங்களையும் ஒரு தட்டில் வைத்தால்கூட அந்தத் தோள்கள் இருக்கும் தட்டுதான் எனக்குத் தாழ்கிறது.

ஒன்பதாவது பதக்கம் வரவே இல்லை. எண்ணிக்கையில் அவரைத் தாண்டியவர்கள் பின்னால் வந்தார்கள், கில்கென்னியின் ஹென்றி ஷெஃப்லின் பத்து வாங்கினார். ஆனால் 1956-இல் ரிங் மட்டையைக் கீழே வைத்துவிட்டார் என்று யாரும் நினைக்க வேண்டாம். மாகாணங்களுக்கு இடையே நடந்த ரயில்வே கோப்பையின் 1959 இறுதியில், 38 வயதில், தனியாக 4 கோலும் 5 புள்ளியும் எடுத்தார். அந்நாளில் செயின்ட் பேட்ரிக் நாளன்று நடந்த அந்தப் போட்டிக்கு அவரைப் பார்க்கவென்றே கூட்டம் வந்தது. அவர் போன பிறகு அந்தக் கூட்டமும் கரைந்தது. 1963-இல் மன்ஸ்டருக்காக அந்தக் கோப்பையின் 18-ஆவது பதக்கத்தை வாங்கினார். வயது 42. அதற்குப் பிறகும் 1967 வரை கிளென் ரோவர்ஸுக்காக ஆடிக்கொண்டிருந்தார்.