டாலி ஓடுமாண்ணே?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டை 2025 அக்டோபர் 14-ஓடு மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. கம்பம், போடி ஏலக்காய்க் கடைகளில் கணக்குப் பார்க்கும் தம்பிகளிடம் "லினக்ஸுக்கு மாறலாமே" என்றால் முதல் கேள்வியே, "டாலி ஓடுமாண்ணே?" கணக்கு மென்பொருளான டாலி லினக்ஸில் நேரடியாக ஓடாது. பேச்சு அங்கேயே முடிந்துவிடும். இதை அறியாமை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். வைரஸ் என்றைக்கோ வரும், ஜிஎஸ்டி கணக்கை இந்த மாதமே கொடுத்தாக வேண்டும்.

2011-இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் போட்டுத்தான் கொடுத்தார்கள். கற்றுக்கொடுக்கத்தான் ஆளில்லை. குமுளி மலை ஏறினால் கேரளம். அங்கே அரசுப் பள்ளிப் பிள்ளைகள் லினக்ஸில்தான் கணினியே படிக்கிறார்கள். பயமுறுத்தி யாரையும் மாற்ற முடியாது, சின்ன வயதிலேயே பழக்கியிருக்க வேண்டும்.

ஆனாலும் ஆபத்து உண்மைதான். 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வான்னாக்ரை வைரஸ் உலகையே உலுக்கியபோது, அதைத் தடுக்கும் அப்டேட் வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. போடாதவர்கள்தான் மாட்டினார்கள்.

டாலிக்காக விண்டோஸிலேயே இருப்பவர்கள் இருங்கள். ஆனால் அப்டேட் நின்றுபோன கணினியில் வங்கி வேலை பார்க்காதீர்கள். வாரம் ஒருமுறை கணக்கைத் தனி ஹார்ட் டிஸ்கில் எடுத்து, கழற்றி வைத்துவிடுங்கள்.